காலுக்கேற்ற தரை

“எம்.ஜி.ஆர். செருப்பு இருக்குங்களா?” என்று யாராவது வாசலில் வந்து நின்றால் கும்பகோணம் பக்கத்து அந்தப் பட்டறையில் யாரும் சிரிப்பதில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். வந்தவர் கேட்பது எம்.சி.ஆர். செருப்பு. மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் ஷீட் அது. அதை வெட்டி, சீவி, ஒட்டியே தலை நரைத்தவர் பட்டறைக்காரர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் மிச்சம். ஊருக்கு அவர் ‘எம்.சி.ஆர்.காரர்’.

செருப்புத் தைப்பது அவர் வேலையில் பாதிதான். மீதிப் பாதி வெளியே தெரியாது. செருப்பின் உள்தட்டில், பாதம் படும் இடத்துக்கு அடியில், மூன்று மில்லிமீட்டரோ ஐந்து மில்லிமீட்டரோ உயரமுள்ள சாய்வான ஃபோம் துண்டு ஒன்றை ஒட்டுவார். அதற்கு வெட்ஜ் என்று பெயர். குதிகாலின் உள்பக்கம் வைத்தால் ஒரு விளைவு, வெளிப்பக்கம் வைத்தால் வேறு விளைவு. விரல் எலும்புகளுக்குப் பின்னால் வைத்தால் இன்னொன்று. ஒரு விரற்கடை முன்னே தள்ளி வைத்துவிட்டால் ஆறிவந்த புண் மறுபடி வாயைத் திறந்துகொள்ளும்.

இந்தத் தொழிலுக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அப்பாவின் கால். பாபநாசம் பக்கத்து ஒரு கிராமத்தில் விவசாயக் கூலிக் குடும்பம். அப்பாவுக்குத் தொழுநோய். வருடக்கணக்கில் டாப்சோன் மாத்திரை விழுங்கி நோய் அடங்கிவிட்டது. உள்ளங்காலுக்கு உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, பாதம் அகலமாகிற இடத்தில், ஒரு குழிப்புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. அறுவடைக் காலத்தில் ஒருநாள் களத்திலிருந்து திரும்பியவர், திண்ணையில் உட்கார்ந்து டயர் செருப்பைக் கழற்றினார். இடது செருப்பு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அடியிலிருந்து ஏறிய ஆணி ஒன்று செருப்பையும் பாதத்தையும் சேர்த்துத் தைத்திருந்தது. அப்பா முகத்தில் வலியே இல்லை; செருப்பு கழலவில்லையே என்ற எரிச்சல்தான். அலறியது பையன்.

அந்த ஆணியோடு அவர் களத்திலிருந்து வீடுவரை நடந்து வந்திருக்கிறார்.

ஊருக்கு வந்துபோன தொழுநோய்ப் பணியாளர் ஒருவர் சொல்லித்தான், எழுபதுகளின் கடைசியில், பையன் காட்பாடிக்கு ரயிலேறினான். வேலூருக்குப் பக்கத்தில், கரிகிரியில், 1955-இல் தொடங்கிய ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே செருப்பு டெக்னீஷியன் பயிற்சி. முதல் பாடமாக அவன் கற்றுக்கொண்டது, இந்தச் செருப்பில் ஆணியே அடிக்கக் கூடாது என்பது. பசையும் தையலும் மட்டும். அந்த விதிக்கு வாத்தியார் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த மையத்தின் பேச்செல்லாம் ஒரு மனிதரைச் சுற்றியே இருந்தது. கொல்லிமலையில் 1914-இல், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். படிப்புக்காக இங்கிலாந்து போய், அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் விரலும் பாதமும் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது ஊரும் நம்பியது, வைத்தியர்களில் பலரும் நம்பினார்கள். பிராண்ட் பார்த்தது வேறு. சதை நன்றாகத்தான் இருந்தது. வெட்டித் தைத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. செத்துப்போனது நரம்பு. வலி தெரியாததால் மனிதன் ஒரே இடத்தை மிதித்து மிதித்தே தன் காலைத் தின்றுகொள்கிறான். புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டால் சில வாரங்களில் புண் மூடியது. கட்டைப் பிரித்து பழைய செருப்போடு அனுப்பினால் அதே இடத்தில் திறந்தது. ஆக, கோளாறு செருப்பில்.

பிராண்டைப் பற்றிப் பயிற்சிக்கு வந்தவர்கள் கட்டாயம் கேட்கிற கதை ஒன்று உண்டு; அவரே எழுதியும் இருக்கிறார். நெடும்பயணம் முடிந்து ஓரிரவு லண்டனில் தங்கியபோது, காலுறையைக் கழற்றினால் குதிகாலில் உணர்ச்சியில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். கத்தும்படி வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்திருக்கிறது, அவ்வளவுதான். வலி வந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாராம்.

1966-இல் அவர் அமெரிக்காவுக்கு, லூயிசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை ஒரே இடத்தில், நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை, இயந்திரத்தால் கொடுத்துப் பார்த்தார். ஒரு தடவை அழுத்தினால் ஒன்றும் ஆகாத அழுத்தம் அது. சில நாளில் பாதம் சூடேறிச் சிவந்தது, தொடர்ந்தபோது புண்ணானது. ஆணியைவிட, முள்ளைவிட, தினசரி நடைதான் மரத்த காலுக்குப் பெரிய எதிரி என்பது இப்படி நிலைநாட்டப்பட்டது. தோல் உடைவதற்கு முன்னாலேயே அந்த இடம் சுடும். புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எம்.சி.ஆர்.காரர் இன்றைக்கும் வருகிறவர்களின் காலைத் தொட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். முதலில் வலது பாதம், பிறகு இடது. ஒரே இடத்தில் இரண்டுக்கும் சூடு வேறுபட்டால் அங்கே மையால் வட்டம் போடுவார்.

இனி வேலைக்கு வரலாம்.

கரிகிரியில் பாத அச்சு எடுக்க ஹாரிஸ் பாய் இருந்தது. கனடா ராணுவத்தினரின் கால்களை ஆராய்ந்து 1947-இல் அறிக்கை வெளியிட்ட ஹாரிஸ், பீத் என்ற இருவரால் புழக்கத்துக்கு வந்த ரப்பர் பாய். அதில் வெவ்வேறு உயரத்தில் மெல்லிய வரப்புகள் இருக்கும். மை தடவி, மேலே காகிதம் விரித்து, அதன்மேல் ஓரடி வைத்து நடந்தால், அழுத்தம் கூடிய இடம் கறுப்பாகவும் குறைந்த இடம் கட்டம் கட்டமாகவும் பதியும். பட்டறை போட்ட புதிதில் அவரிடம் அது இல்லை. சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தது. காலை நனைத்து நடக்கச் சொல்வார். நல்ல பாதம், கோகுலாஷ்டமிக்கு மாக்கோலத்தில் வரைகிற கிருஷ்ணர் பாதம் மாதிரி நடுவில் வளைந்து விழும். தட்டைப் பாதம் முழுசாக விழும். நரம்பு போய் விரல்கள் கொக்கியாக மடங்கிய பாதம் வேறு மாதிரி: விரல் நுனியும், விரல் எலும்புகளின் தலையும் மட்டும் திட்டுத்திட்டாகப் பதியும். உடம்பின் மொத்தப் பாரமும் அந்த நான்கைந்து திட்டில் இறங்குகிறது என்று அர்த்தம்.

புண் இருந்த இடம் செருப்பில் எங்கே வருகிறது என்று பார்க்க மருத்துவமனைகளில் லிப்ஸ்டிக் தடவுவார்கள். இவர் கண்மை தடவுகிறார். காய்த்த இடத்தில் கண்மையை வைத்து, உள்தட்டின்மேல் நிற்கச் சொன்னால் அச்சு விழுந்துவிடும். ஆனால் வெட்ஜை அந்த அச்சின்மேல் ஒட்டுவதில்லை. அதற்கு ஒரு விரற்கடை பின்னால். புதிதாக வேலை கற்க வருகிற பையன்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். வலிக்கிற இடத்துக்கு அடியில் மெத்தையாக ஒன்றை வைக்கத்தான் கை போகும். வைத்தால் அந்த இடம் இன்னும் மேடாகி இன்னும் பாரம் வாங்கும். பின்னால் வைத்தால் எலும்பின் தண்டு பாரத்தைத் தாங்கிக்கொள்ள, அதன் தலை கொஞ்சம் மிதக்கும்.

குதிகால் வெட்ஜில் கணக்கு சுலபம். குதிகாலின் அகலம் ஆறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓரத்தில் ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தினாலே சாய்வு கிட்டத்தட்ட 5 டிகிரி. அதற்குமேல் போனால் கால் செருப்பிலிருந்து வழுக்கி ஓரத்துக்குப் போய்விடும். உள்பக்கமாகச் சரிகிற பாதத்துக்கு உள்பக்க வெட்ஜ். வெளி ஓரத்திலேயே ஊன்றி நடக்கிற பாதத்துக்கு வெளிப்பக்கம். ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் அவர் குதிகாலைக் கையில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். வளைந்து கொடுத்தால் வெட்ஜ் தள்ளித் திருத்தும். மூட்டு இறுகிப்போயிருந்தால் திருத்தவே கூடாது என்பது அவர் கட்சி. அந்தக் காலோடு மல்லுக்கு நின்றால் தோல்தான் கிழியும். காலுக்கும் தரைக்கும் நடுவே எங்கே இடைவெளி இருக்கிறதோ அதை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். கால் தரைக்கு வராவிட்டால் தரை காலுக்கு வரட்டும்.

ஒட்டும் வேலையில் அவசரமே கிடையாது. ரப்பரின் மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, அது காய்ந்து விரலில் பிசுக்கென்று ஒட்டுகிற பதம் வரும்வரை காத்திருந்து, அப்புறம் அழுத்துவார். பிறகு சீவல். வெட்ஜின் விளிம்பு காகிதம்போல மெலிந்து ஒன்றுமில்லாமல் போய்விட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது படி தட்டினால் மறுபடி கத்தி. உணர்ச்சியுள்ளவன் அந்தப் படியை இரண்டடி நடப்பதற்குள் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவான். மரத்த கால்காரன் ஒன்றும் சொல்லாமல் பத்து நாள் கழித்துப் புண்ணோடு வருவான்.

ரப்பரின் மென்மைக்கும் அளவு உண்டு. ஷோர் என்ற அளவுகோலில் 15 முதல் 20 வரை இருப்பதையே இந்தச் செருப்புக்கு எடுக்கிறார்கள். அதைவிட மென்மையானால் நாலு நாளில் நசுங்கிவிடும். ஹவாய் செருப்பின் ரப்பர் இதைவிடக் கடினம். போதாததற்கு அதன் வார் கட்டைவிரல் இடுக்கில் அறுக்கும். மரத்த காலுக்கு விரலிடுக்கு வாரே ஆகாது. பின்னால் பெல்ட் வேண்டும். இல்லையென்றால் செருப்பு கழன்று எங்கோ கிடக்க, மனிதர் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்திருப்பார்.

எண்பதுகளில் அவருக்குப் பெரிய தலைவலி ரப்பர் தரவில்லை, கறுப்பு நிறம் தந்தது. அகலமான, பட்டை வைத்த, ஒரே அச்சில் வார்த்த அந்தச் செருப்பைத் தூரத்திலிருந்து பார்த்தே “இவனுக்கு அது” என்று ஊர் கண்டுகொண்டது. ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கி, பஸ் ஸ்டாண்ட் வந்ததும் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தவர்கள் உண்டு. கல்யாண வயதுப் பெண் இருக்கிற வீட்டில் அந்தச் செருப்பை வாசலில் விடவே மாட்டார்கள். எம்.சி.ஆர்.காரர் அப்போது கும்பகோணம் கடைகளில் ஓடுகிற மாடல்களைப் பார்த்துவந்து, பழுப்புத் தோலில் மேல்வார் தைத்து, எம்.சி.ஆர். தெரியாதபடி ஓரத்தில் பட்டி கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். கரிகிரியில் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் செய்த எல்லா மாற்றங்களிலும் மிக அதிகக் கால்களைக் காப்பாற்றியது இந்த வெளிவேஷமாகத்தான் இருக்கும்.

பிறகு நோயே குறைந்தது. 1982-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அடுத்த வருடமே இந்தியா அந்தப் பாதைக்கு வந்தது. மூன்று மருந்து சேர்ந்து போனபோது, ஆயுள் முழுக்க டாப்சோன் விழுங்கிய கதை முடிந்தது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டியது. புதிதாக யாருக்கும் வராது என்று இதற்கு அர்த்தமில்லை. பழைய புண்களோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். சாக்கோட்டையில் இருக்கிற திரு இருதயத் தொழுநோய் மருத்துவமனையின் பெயர் இந்தப் பக்கத்துக் கிழவர்கள் பேச்சில் இன்னும் வருகிறது. ஆனாலும் பட்டறை பெஞ்ச் கொஞ்சகாலம் காலியாகத்தான் கிடந்தது. தொழிலை விட்டுவிட்டு அரிசி மில்லுக்குப் போகலாமா என்று யோசித்த நேரத்தில் வந்து நிறைந்தது சர்க்கரை.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சர்க்கரையும் பாதத்து நரம்பைத்தான் முதலில் பிடிக்கிறது. அதே மதமதப்பு, கட்டைவிரலடியில் அதே காய்ப்பு, அதே குழிப்புண். சென்னை ராயபுரத்தில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், எம்.சி.ஆர். போன்ற மென்தட்டு வைத்த செருப்பையும் சாதாரணச் செருப்பையும் ஒப்பிட்டு 2004-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மென்தட்டு போட்டவர்களுக்குப் புதிதாகப் புண் வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. தொழுநோய்க்காரருக்கென்று பிறந்த ரப்பர், அந்தப் பேரைக் கேட்டால் பத்தடி தள்ளி நின்றவர்களின் காலுக்கே வந்து சேர்ந்தது. இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவர் நினைக்கிறார், வருகிறவர்களிடம் சொல்வதில்லை.

நடவுக்குப் போகிற ஒரு அக்கா வந்தது அந்தச் சமயத்தில். ஐம்பது வயதிருக்கும், சர்க்கரை பத்து வருடமாக. எம்.சி.ஆர்.காரர் நைலான் நரம்பால் குத்திப் பார்த்தார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்த நரம்பு அது. உள்ளங்காலில் அதன் குத்தல் தெரியவில்லையென்றால் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். அக்காவுக்குப் பெருவிரலடியில் தெரியவில்லை. மற்ற இடங்களில் அரைகுறை. பெருவிரலடியிலேயே காய்ப்பு, காய்ப்புக்குள் ரத்தக்கட்டு.

“சேத்துல நிக்கறப்ப ஒண்ணும் இல்ல தம்பி. ரோட்டுக்கு வந்தாத்தான் கால் எரியுது.”

அவர் அதை உடனே ஒப்புக்கொண்டார். உழுது பரம்படித்த சேறு பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் நிரப்பிக்கொள்கிறது. விரல் எலும்பின் தலை எவ்வளவு துருத்தினாலும் அது உள்ளே அமுங்கிவிடும், பாரம் பாதம் முழுக்கப் பரவும். எந்தப் பட்டறையிலும் அவ்வளவு கச்சிதமாக உள்தட்டு வார்க்க முடியாது. வேறு இடத்தில்தான் வம்பு. நாளெல்லாம் ஊறிய தோல் வெளுத்து, விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். உள்ளே நத்தை ஓடு கிடக்கும். வரப்பில் நடந்தால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் சரிவிலுமாகப் பாதம் ஓரத்தில் திரும்பும். செருப்போ வரப்பில் கிடக்கும். வேலை முடிந்து ஈரக்காலோடு அதை மாட்டிக்கொண்டு நடந்தால் உராயும்.

“வயலுக்குப் போகாதே” என்று சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். குறுவை நடவுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். செருப்பில் விரல் எலும்புகளுக்குப் பின்னால் ஐந்து மில்லிமீட்டர் மேடும், குதிகாலின் உள்பக்கம் சின்னச் சாய்வும் ஒட்டினார். தோல் ஈரத்தில் நாறும் என்பதால் மேல்தட்டில் தோல் போடாமல், துடைத்தால் காய்கிற ஈ.வி.ஏ. ஃபோம். வயலிலிருந்து ஏறினால் வாய்க்காலில் கால் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் செருப்பு. முந்தானையிலேயே ஒரு காய்ந்த துணியை முடிந்துகொண்டு போகச் சொன்னார். மருதாணி அரைத்து வைக்கும் பழக்கத்தைத் தடுக்கவில்லை. கோணி ஊசியால் காய்ப்பைத் தோண்டும் பழக்கத்தைத் தடுத்தார். அந்தப் பருவம் முழுக்க அக்கா வேலைக்குப் போனார். காய்ப்பு போகவில்லை, உடையவும் இல்லை. இந்தத் தொழிலில் அது வெற்றி.

செருப்பே இல்லாத இடத்தில் வெட்ஜை எங்கே ஒட்டுவது? திருபுவனத்திலிருந்து வந்த நெசவாளி அண்ணனிடம்தான் இந்தக் கேள்வி நேராக வந்து நின்றது. பட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அண்ணனுக்கு வலது கட்டைவிரலடியில் புண் ஆறி ஆறித் திறந்தது. செருப்பில் செய்ததெல்லாம் சரியாகவே இருந்தது, சூடு மட்டும் குறையவில்லை. எம்.சி.ஆர்.காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போனார்.

குழித்தறி. தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். அவர் குழிக்குள் இறங்கி, குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மிதிப்பலகை வழுவழுவென்று தேய்ந்து பளபளத்தது. அதன் முன்விளிம்பு சரியாகப் பெருவிரல் எலும்பின் தலைக்குக் கீழே வந்தது. ஒவ்வொரு இழைக்கும் ஒரு மிதி. கார்வில் எலிகளுக்கு இயந்திரம் கொடுத்ததை அண்ணனுக்குத் தறி கொடுத்துக்கொண்டிருந்தது.

பலகையைக் கழற்றினார். விளிம்பை அரத்தால் உருட்டினார். பாதத்தின் நடுப்பகுதி வருகிற இடத்தில் எம்.சி.ஆரைச் சாய்வாகச் சீவி ஒட்டி, முன்னால் வரவரத் தேய்ந்து மறையும்படி செய்தார். பெருவிரலடி வருகிற இடத்தில் மட்டும் ரப்பரை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டார். குதிகால் தொங்காமலிருக்க ஒரு கட்டையையும் வைத்தார். மிதி லேசாக உயர்ந்துவிட்டது, அழுத்தம் சரியாக விழவில்லை என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டார்; கயிற்றை ஒரு கண் இறக்கிக் கட்டியதும் சரியானது. அடுத்த வாரம் அதே தெருவில் இன்னொரு தறிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தறிக்காரருக்குச் சர்க்கரையே இல்லை, முழங்கால் வலி மட்டும். மெத்தென்று இருக்கிறதே என்று கேட்டாராம்.

வீடும் கோயிலும் இதே சிக்கல்தான். மனிதன் ஒரு நாளில் நடக்கிற நடையில் பெரும்பகுதி வீட்டுக்குள். நம் வீட்டுக்குள் செருப்புக்கு இடமில்லை. தெருவில் போடாத, வீட்டுக்கு மட்டுமான இன்னொரு ஜோடி செய்து தருகிறார். சமையலறை வரைக்கும் ஒப்புக்கொள்கிறார்கள், பூஜை அறையில் தகராறு. கோயிலில் பேச்சுக்கே இடமில்லை. சித்திரை வெயிலில் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்தரை எப்படிக் கொதிக்கும் என்று அங்கே ஓடி ஓடி நடந்தவர்களுக்குத் தெரியும். மரத்த கால் ஓடாது. சாவகாசமாகச் சுற்றிவிட்டு, இரவில் கொப்புளத்தைப் பார்க்கும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பிரதோஷம் தவறாதவர். “சார், வெயில் இறங்குனப்புறம் போங்க. தடிச்ச பருத்தி சாக்ஸ் போட்டுக்குங்க. யாராவது கேட்டா காலைக் காட்டுங்க” என்று சொல்லி அனுப்பினார். சாக்ஸுக்குள் மெல்லிய ஃபோம் வைத்துத் தைக்கலாமே என்று வாத்தியார் யோசனை சொன்னார். தைத்துப் பார்த்தார்கள். ஃபோம் நகர்ந்து சுருண்டுகொண்டது, கைவிட்டார்கள்.

உணர்ச்சியுள்ள கால்களும் வருகின்றன. குதிகால் வலி, நடனப் பள்ளி மாணவிகள், நாளெல்லாம் நின்றபடி ஓடுகிற பஸ் கண்டக்டர்கள். அவர்களுக்கு அவர் காட்டும் வித்தை ஒன்று உண்டு. நிற்கச் சொல்லி, கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்குவார். பாதத்தின் வளைவு தானாக எழும்பும். உள்ளங்காலின் தசைநார் விரலோடு சேர்ந்து கயிறு சுற்றுவதுபோல இறுகுவதை 1954-இல் இங்கிலாந்தின் ஹிக்ஸ் விளக்கிக் காட்டினார். நடக்கும்போது கட்டைவிரல் மடங்காமல் தடைப்பட்டால் இந்த இறுக்கம் கிடைக்காது, பாதம் தளர்ந்து உள்பக்கம் சரியும். எண்பதுகளில் அமெரிக்கப் பாத மருத்துவர் டானன்பர்க் இதைப் பிடித்துக்கொண்டு, பெருவிரல் எலும்பின் தலைக்குக் கீழே ஃபோமை வெட்டி இறக்கி, விரலுக்குக் கீழே கொஞ்சம் உயர்த்துகிற தட்டை உருவாக்கினார். எம்.சி.ஆர்.காரர் இதை மூன்று மில்லிமீட்டர் துண்டில் செய்கிறார். சிலருக்கு மறுநாளே நடை லேசாகிறது. சிலருக்கு ஒன்றுமில்லை, பிய்த்து எடுத்துவிடுவார். வாங்கின காசையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பிள்ளைக்குத் தட்டைப்பாதம் என்று அழைத்து வருகிற பெற்றோரைத்தான் அவர் அதிகம் திருப்பி அனுப்புகிறார். கர்நாடகக் கடற்கரைப் பக்கத்தில் ராவ், ஜோசப் என்ற இருவர் 2300 குழந்தைகளின் பாத அச்சை எடுத்து 1992-இல் எழுதினார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். அதிலும் மூடிய ஷூ போட்டவர்களுக்கு அதிகம். வலியில்லாத, நுனிக்காலில் எழும்பி நின்றால் வளைவு தெரிகிற பிள்ளைக்கு வெட்ஜ் எதற்கு? சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணில் விளையாட விடச் சொல்கிறார். பெற்றோருக்கு இது பிடிப்பதில்லை. பஸ் பிடித்து வந்ததற்கு ஏதாவது ஒட்டிக் கொடுத்தால்தான் திருப்தி.

முழங்கால் தேய்மானத்திலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. கால் வில்லாக வளைந்த கிழவிகளுக்கு வெளிப்பக்க வெட்ஜ் நல்லது என்று ஜப்பானின் சசாகி, யசுதா 1987-இல் எழுதியபோது உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2011-இல் ஆஸ்திரேலியாவில் 200 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சாய்வு வைத்த தட்டும் வெறும் தட்டையான தட்டும் வலியில் ஒன்றாகவே வந்தன. கடையில் ஜோடி ஜோடியாகத் தொங்குகிற “முழங்கால் வலித் தட்டு”களை யாராவது எடுத்துவந்து காட்டினால், “மெத்துனு இருந்தா போட்டுக்குங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

புதுச் செருப்பு வேண்டி வருகிறவர்களிடம் அவர் கேட்பது பழைய செருப்பை. தூக்கிப் போட்டுவிட்டேன் என்றால் முகம் சுருங்கும். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது என்பதை வைத்தே பாதிக் காலைப் படித்துவிடுவார். எம்.சி.ஆர். நிரந்தரம் இல்லை. நடக்க நடக்க அதன் காற்றறைகள் நசுங்கி ஷீட் இறுகும். வெட்ஜின் உயரமும் குறையும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். குழி விழுந்த இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்துக் கிள்ளுவார். அமுங்கித் திரும்பி எழாவிட்டால் உள்தட்டை உரித்துப் போட்டுவிட்டுப் புதிது. வயலில் நடக்கிறவர்களுக்கு இது ஆறு மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது, உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வருடம் தாங்கும்.

பட்டறையின் வருடம் மேட்டூரோடு ஓடுகிறது. ஜூன் 12-இல் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் நடவு, களை என்று யாருக்கும் காலைப் பார்க்க நேரமிருக்காது. பெஞ்ச் காலி. சம்பா அறுவடை முடிந்து, கையில் கூலி வந்து, தை பிறந்த பிறகுதான் கூட்டம். ஏழெட்டு மாதப் புண்ணும் காய்ப்பும் சேர்ந்து வரும். அதனால் மழைக்காலத்தில் அவர் ஷீட்டை விரித்து, எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று உள்தட்டுகளை வெட்டிக் கட்டி வைத்துவிடுகிறார். வெட்ஜை மட்டும் முன்கூட்டிச் செய்வதில்லை. அது ஆள் வந்து தரையில் நின்ற பிறகு.